மூன்றாம் சரணத்துக்கு முன்னால்

மெர்வின் மூன்றாம் சரணத்தை விட்டுவிட்டு நேராக நாலாவதுக்குத் தாவியபோது ஹில்டாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பயம் அதற்குப் பின்னால் வந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய ஆலயத்துக்குள் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தது. மின்விசிறிகளை நிறுத்தி, சன்னல்களில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, பிரசங்க மேடைக்குக் கீழே தன் கருவிகளோடு உட்கார்ந்திருந்தான் உமேஷ், ஒலிப்பதிவாளன். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்து போய் ஓயும்வரை காத்திருந்துதான் அவன் கையைக் காட்டினான். ஹில்டா பியானோவைத் தொடங்கினாள். தம்பி மெர்வின் இரண்டு சரணங்களை மிக அழகாகப் பாடினான். அடுத்தது பியானோ மட்டும் வாசிக்க வேண்டிய சிறிய இடைப்பகுதி. அதன் பிறகு மூன்றாம் சரணம் வர வேண்டும். ஆனால் சுருதி ஒரு படி ஏறியிருக்க, அவன் கடைசிச் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தான். அவளும் கூடவே வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஸாரி உமேஷ், என் மிஸ்டேக். திரும்ப எடுத்துக்கலாம்," என்றான் மெர்வின், பாட்டு முடிந்ததும்.

"என்னடா, மூணாவத முழுங்கிட்ட?"

"ஆமாக்கா. ஏதோ யோசன." சிரித்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்புதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா அப்படித்தான் சிரிப்பார். பம்மலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சாலமோனுக்கு நோய் தொடங்கியதே ஆலயத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க எழுந்தவர் பாதியில் பத்து வசனங்களைத் தாண்டிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு சாவியை மறந்தார், தெருவை மறந்தார். ஒரு நாள் காணாமல் போனவரை, திருநீர்மலை அடிவாரத்தில் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கடைக்காரர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார். கடைசியில் மகளையே மறந்தார். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல், பள்ளியில் பாட்டு டீச்சர் வேலையையும் அப்பாவையும் மட்டும் பார்த்துக்கொண்டு ஹில்டாவின் நாற்பதுகள் போயின. மெர்வின் அப்போது அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்தான்.

இப்போது மெர்வினுக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பாவுக்கு அறுபதுக்கு மேல் வந்தது இவனுக்கு இப்போதே வந்துவிட்டது.

'மறுபடியுமா?' என்று அவள் மனது கேட்டது. அந்தக் கேள்வியில் தம்பியைவிடத் தன்மேல்தான் இரக்கம் அதிகம் இருந்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மெர்வின் சின்ன வயதில் கல்லூரிப் பாடகர் குழு ஒன்றின் உதவியோடு அமெரிக்கா போனவன். அங்கே ஓட்டலில் தட்டு கழுவினான். வாரம் ஒரு தேவாலயத்தில் பாடினான். பிறகு நாடகம் முழுவதையும் பாடியே நடிக்கும் ஒரு சிறிய ஆப்பரா குழுவில் பின்வரிசையில் நிற்க இடம் கிடைத்தது. முதல் தனி வேஷத்தில் அவனுக்கு ஒரே வரிதான்: வண்டி வந்து நிற்கிறது என்று எசமானிடம் பாடிவிட்டுப் போய்விட வேண்டும். ஆப்பராவில் காதலன் வேஷமெல்லாம் உச்சக்குரல் உள்ளவர்களுக்கு. மெர்வினுடையது பாரிடோன் என்கிற நடுத்தரமான கனத்த குரல். அப்பன், அரசன், காட்டிக்கொடுப்பவன், கத்தியோடு வருகிறவன் எல்லாம் அந்தக் குரலுக்குத்தான். இருபது வருஷமாக ஊர் ஊராகப் போய், மகளைச் சபிக்கும் தகப்பனாகவும் நண்பனைக் கொல்லும் நண்பனாகவும் பாடினான். அந்த நாட்டுக் குடிமகனானான். அமெரிக்க பாரிடோன் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. ஆனால் அவன் தமிழிலிருந்து மட்டும் பம்மல் போகவே இல்லை.

நான்கு இசைத்தட்டுகள் வெளிவந்திருந்தன. அப்பாவின் கடைசி நாட்களில் ஹில்டா அவற்றைப் போட்டுக் காட்டுவாள். அப்பா கண்ணை மூடிக் கேட்பார். "யாரும்மா இந்தப் பையன்? நல்லா பாடறான். நம்ம சபையா?" என்பார்.

ஐந்தாவது தட்டு தமிழ்ப் பாட்டுகளாக இருக்க வேண்டும், பியானோவுக்கு அக்காதான் உட்கார வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி மெர்வின் வந்து சேர்ந்திருந்தான். அஸ்தினாபுரத்தில் அவள் குடியிருந்த மாடி வீட்டில் அவனும் தங்கினான்.

அன்றிலிருந்து ஹில்டா தம்பியைக் கவனிக்கத் தொடங்கினாள். கவனிக்கக் கவனிக்கப் பயம் கூடிக்கொண்டே போனது. சமையலறைக்குள் காரணமில்லாமல் வந்து நின்றான். கேஸ் அடுப்பின் திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒரு காலையில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரத்தின் அடி கறுத்துப்போயிருந்தது. "நான்தான் வச்சேன், மறந்துட்டேன்," என்றான். ஸ்கூட்டர் சாவி இருக்க வேண்டிய ஆணியில் இல்லை. கேட்டால், "என் பாக்கெட்ல இருக்குக்கா. எப்படி வந்துதுன்னு தெரியல. ஆட்டோலயே போயிடலாமே," என்று மழுப்பினான்.

அவன் குளிக்கும் நேரமெல்லாம் அவள் பழைய தட்டுகளை எடுத்துக் கேட்டாள். எப்போது தொடங்கியிருக்கும் என்று தெரிய வேண்டும். முதல் தட்டில் இளம் குரல், கண்ணாடிபோலச் சுத்தம். இரண்டாவது ஏதோ ஒரு கிழக்கு ஐரோப்பிய நகரத்து இசைக்குழுவோடு பாடியது, அதிலும் பிசகில்லை. மூன்றாவதிலும் இல்லை. நான்காவது மேடையில் நேரடியாகப் பதிவானது. அதில் தகப்பனும் மகளும் சேர்ந்து பாடும் ஒரு கட்டம். கையில் பாட்டுத்தாளை வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்டாள். ஓரிடத்தில் மெர்வின் பாடிய வரியையே மறுபடி பாடினான். தாளில் அந்த வரி ஒரே முறைதான் இருந்தது. அவள் திரும்பப் போட்டாள். சந்தேகமே இல்லை. அந்தத் தட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது.

ஆறு வருஷமாக இவன் தலைக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் பயிற்சி செய்துகொண்டிருந்தான். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. அந்தக் குரல் ஒரு நாள் தன்னைப் பார்த்து 'நீங்க யாரும்மா?' என்று கேட்கப்போவதை அவள் அப்போதே கேட்டுவிட்டாள்.

அடுத்த பதிவு நாளில் ஆலயத்துக்குள் நுழைந்தபோதே அவளுக்கு வயிற்றைப் பிசைந்தது. வாசித்துக்கொண்டிருந்தபோது பச்சைத்தோல் வாடை ஒன்று குபீரென்று மூக்கில் ஏறியது. பம்மலில் தோல் பதனிடும் தொழிற்சாலைக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த காலத்து வாடை.

"உமேஷ், ஏதாவது தோல் வாடை வருதா?"

உமேஷ் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "இல்லையே மேடம். போர்வை வாடையா இருக்கும்."

அந்தப் பாட்டிலும் மெர்வின் தவறினான். இந்த முறையும் இரண்டாவதிலிருந்து நேரே கடைசிச் சரணத்துக்குப் போய்விட்டான். "என் மிஸ்டேக்," என்று அவனே கையைத் தூக்கினான். நெற்றியெல்லாம் வியர்வை. "ரெண்டு நிமிஷம் வெளிய நின்னுட்டு வர்றேன்," என்று கதவைத் திறந்துகொண்டு போனான்.

ஹில்டா எழுந்து உமேஷிடம் போனாள். "இப்ப எடுத்தத எனக்குப் போட்டுக் காட்டு."

உமேஷ் தயங்கினான். "வேணாம் மேடம், அது கெட்ட டேக். அழிச்சிடப் போறேன்."

"போடு. அவனுக்கு என்ன ஆகுதுன்னு நான் தெரிஞ்சிக்கணும்."

"அவருக்கா?" உமேஷ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி அவளிடம் கொடுத்தான்.

முதல் சரணம் சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. இடைப்பகுதி வந்தது. நான்கே நான்கு அடி; முடிந்தது. மறுபடி அதே நான்கு அடி. பிறகும் அதே. பியானோ ஓயவில்லை, பிசகவில்லை. ஒரே சீராக, ஒரே மென்மையில், செக்குமாடுபோல அதே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே மெர்வின் மூச்சை இழுத்து மூன்றாம் சரணத்தின் முதல் சொல்லை எடுப்பது கேட்டது. பியானோ அவனோடு வரவில்லை. அவன் நிறுத்தினான்.

"அக்கா," என்றது அவன் குரல், மெதுவாக.

பியானோ சுற்றியது.

"ஹில்டாக்கா. நான் இங்கதான் இருக்கேன்."

பியானோ இன்னொரு சுற்று வந்தது. பின்பு, யாரோ தட்டி எழுப்பியதுபோல, சுருதியை ஒரு படி ஏற்றிக் கடைசிச் சரணத்துக்குள் நுழைந்தது. ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் மெர்வினும் அங்கே வந்து சேர்ந்துகொண்டான். தாவியவன் அவன் இல்லை. தாவியது பியானோ, அவன் பின்தொடர்ந்தான்.

ஹில்டா ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. தன் கைகளைப் பார்த்தாள். இந்தக் கைகள்தான் அதை வாசித்திருக்கின்றன. அப்போது அவள் எங்கே இருந்தாள்? தம்பி கூப்பிட்டதும் அவளுக்குத் தெரியாது, அந்தச் சுற்றலும் தெரியாது. இரண்டாம் சரணத்துக்கும் கடைசிச் சரணத்துக்கும் நடுவில் அவள் நினைவில் ஒரு இடைவெளிகூட இல்லை. துணியை வெட்டி ஒட்டுத் தெரியாமல் தைத்ததுபோல இருந்தது.

ஸ்கூட்டர் சாவி ஞாபகம் வந்தது. தினமும் காலையில் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில், பேருந்துகளுக்கு நடுவே, புத்தகப்பையோடு சாலையைக் கடக்கும் பிள்ளைகளுக்கு நடுவே ஓட்டிப் போகிறவள் அவள். அங்கேயும் இப்படி எத்தனை முறை அவள் இல்லாமல் வண்டி மட்டும் போயிருக்கும்? அப்படியே பிரசங்க மேடையின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மெர்வின் உள்ளே வந்தான். ஹெட்ஃபோனோடு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். உமேஷ் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நழுவினான்.

"எப்பலேர்ந்துடா தெரியும் உனக்கு?"

"வந்த அன்னிக்கே. தோசக்கல்லு மேல கரண்டிய வச்சிக்கிட்டு அப்படியே நின்ன. கூப்பிட்டேன், திரும்பல. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி தோசையத் திருப்பிப் போட்ட."

"பால்?"

"நீ வச்சதுதான்."

"அப்ப ஒவ்வொரு தடவையும் என் மிஸ்டேக், என் மிஸ்டேக்னு..."

"மேடையில அப்படித்தான்கா பழக்கம். பக்கத்துல பாடறவங்க தடுமாறினா, நாம தடுமாறின மாதிரி காட்டி இழுத்துக்கிட்டுப் போயிடணும். ஜனங்களுக்குத் தெரியக் கூடாது. என் நாலாவது தட்டுல, மகள் வேஷத்துல பாடின அந்தம்மாவுக்கு வரி மறந்துடுச்சு. நான் என் வரியையே ரெண்டு தடவ பாடினேன். அதுக்குள்ள அவங்களுக்கு ஞாபகம் வந்துடுச்சு."

ஹில்டாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நான் ஜனங்களாடா? எங்கிட்ட ஏன் மறைச்ச? நான் வண்டியில போய் ஒரு பிள்ளைய இடிச்சிருந்தா?"

"அதனாலதான் சாவிய எடுத்து வச்சேன்." அவன் குரல் கீழே இறங்கியது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கின் கடைசி வரிசைக்கு ஒலிபெருக்கி இல்லாமல் போய்ச் சேரும் குரல், இப்போது பக்கத்தில் இருந்தவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "சொல்ல வாய் வரலக்கா. சொன்னா அப்பாவுக்கு வந்ததுதான் உனக்கும்னு ஆயிடும். அப்பாவ நீ பாத்துக்கிட்ட. உன்ன யாரு..."

இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே இன்னொரு விமானம் போனது. இந்த முறை அது ஓய வேண்டுமென்று யாரும் காத்திருக்கவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் அனுப்பிரியாவைப் போய்ப் பார்த்தார்கள். சின்ன வயதுக்காரி, ஆனால் அவசரப்படாமல் கேட்டாள். மெர்வின் அந்தக் கெட்ட டேக்கைக் கைப்பேசியில் கொண்டுவந்திருந்தான். மருத்துவர் அதைக் காதருகே வைத்து முழுக்கக் கேட்டாள். திரும்பவும் ஒரு முறை கேட்டாள்.

"இப்படி ஆகறதுக்கு முன்னாடி ஏதாவது வாடை, ருசி, வயித்துல ஒரு மாதிரி... ஏதாவது வருதாம்மா?"

ஹில்டா சட்டென்று நிமிர்ந்தாள். "தோல் வாடை. பச்சைத்தோல் வாடை."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். "சரி. ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்."

ஸ்கேன் கருவிக்குள் போவது பிணப்பெட்டிக்குள் போவதுபோல இருந்தது. தடதடவென்று காதைப் பிளக்கும் சத்தம். அசையக் கூடாது என்றிருந்தார்கள். ஹில்டா கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் பெயரை, தம்பி பெயரை, தெருப் பெயரை, பள்ளியில் முதல் வரிசையில் உட்காரும் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு பெயர் தட்டுப்படவில்லை. அவ்வளவுதான், போய்விட்டது என்று நினைத்தாள். கத்தத் தோன்றியது. பிறகு அந்தப் பெயரும் வந்தது. வெளியே எடுத்தபோது முதுகு முழுக்க நனைந்திருந்தது.

முடிவு வரும்வரை வீட்டில் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவன் சமைத்தான், அவள் பாத்திரம் தேய்த்தாள். அவள் ஒரு நொடி பேசாமல் சுவரைப் பார்த்தால் அவன் கையில் இருப்பதை வைத்துவிட்டு, "அக்கா?" என்பான். "இங்கதான்டா இருக்கேன்," என்பாள். சில சமயம் அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியாது.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினாள். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, மூளையின் உறையை ஒட்டி, சுண்டைக்காய் அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"உங்க அப்பாவோட வியாதி இது இல்ல. அத முதல்ல சொல்லிடறேன். இது ஒரு வகை ஃபிட்ஸ். கை கால் இழுத்தாதான் ஃபிட்ஸ்னு எல்லாரும் நினைப்பாங்க. இப்படி, ஆள் உக்காந்திருக்கும்போதே கொஞ்ச நேரம் காணாமப் போறதும் ஃபிட்ஸ்தான். இந்தச் சின்னக் கட்டி பக்கத்துல அழுத்தறதால வருது."

"கேன்சரா?" என்று கேட்டது மெர்வின்தான்.

"பாக்க அப்படித் தெரியல. ரொம்ப மெதுவா வளர்ற வகைன்னு தோணுது. ஆனா சத்தியம் பண்ணிக் குடுக்க மாட்டேன். மாத்திரை எழுதறேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன். வளர்ந்திருந்தா ஆபரேஷன் பத்திப் பேசுவோம். வண்டி ஓட்டக் கூடாது. அடுப்புப் பக்கம் தனியா நிக்கறது வேணாம். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது."

"பியானோ?"

மருத்துவர் முதல்முறையாகச் சிரித்தாள். "அதுலேர்ந்து கீழ விழுந்தா பெரிசா அடிபடாது. வாசிங்க."

மெர்வின் விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட்டான். மாத்திரை முதலில் அவளுக்குத் தூக்கத்தையும் தலைசுற்றலையும் கொடுத்தது. மெல்ல மெல்லப் பழகியது. தோல் வாடை பிறகு வரவில்லை. வராவிட்டாலும் அவள் அடிக்கடி மூக்கை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டாள்.

மறுபடி ஆலயத்தில் உட்கார்ந்த நாளில் அவளால் முதல் பாட்டைத் தொடங்கவே முடியவில்லை. இரண்டு தடவை கையைத் தூக்கித் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். "உமேஷ், இவன் தனியாவே பாடட்டும். பியானோ வேணாம்," என்றாள்.

மெர்வின் ஒன்றும் வற்புறுத்தவில்லை. ஒலிவாங்கியை நகர்த்தச் சொல்லி, பியானோவுக்கு எதிரே, அவள் தலை நிமிர்ந்தால் தன் முகம் தெரியும்படி வந்து நின்றான். "எனக்கும் பயம்தான்கா," என்றான். "ஒவ்வொரு மேடையிலயும் திரைக்குப் பின்னால வாந்தி எடுத்துட்டுத்தான் போயிருக்கேன். நீ தொடங்கு. எங்க போனாலும் நான் வந்துடறேன்."

அவள் தொடங்கினாள். இடைப்பகுதி வந்தது. ஒவ்வொரு அடியையும் ஆழம் தெரியாத தண்ணீரில் கால் வைப்பதுபோல வைத்தாள். நான்காவது அடி முடிந்தது. மெர்வின் மூச்சை இழுத்தான். மூன்றாம் சரணம் வந்தது. அவளும் அதில் இருந்தாள்.

தட்டு வெளிவந்தபோது மெர்வின் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிருந்தான். அங்கே ஒரு பத்திரிகை குரலில் வயது தெரிகிறது என்று எழுதியது. பியானோவைப் பற்றி ஒரே சொல்லில், நிதானம் என்று எழுதியிருந்தது. ஆறு மாத ஸ்கேனில் புள்ளி வளரவில்லை. சுருங்கவும் இல்லை. அடுத்த ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள்.

தினமும் காலையில் அவன் கூப்பிட வேண்டும், அவள் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு காலை அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தபோது, தாழ்ப்பாள் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு கீழ்வீட்டு முனியம்மா பாய்ந்து வந்தாள். கையில் கைப்பேசி, அதிலிருந்து ஆயிரம் பேருக்குக் கேட்கும் குரல்.

"இன்னா டீச்சர், உசுரோடதான் கீறியா? உன் தம்பி போன்ல கத்திகினு கீறாரு! எங்க வூட்டுல அல்லாரும் தூக்கத்துலேர்ந்து எழுந்துட்டாங்க!"

ஹில்டா துண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். கண்ணில் சீயக்காய் எரிந்தது. கோபத்தில் வாயைத் திறந்தவளுக்கு, கைப்பேசியில் அந்தக் கனத்த குரல் 'அக்கா, அக்கா' என்று உடைந்து உடைந்து கூப்பிடுவது கேட்டது.

"இருக்கேன்டா," என்றாள். "குளிக்கிறேன். போன வை."

அவன் வைக்கவில்லை. அவன் மூச்சு சீராகும்வரை, முனியம்மா தலையில் அடித்துக்கொண்டு நிற்க, அவளும் ஈரத்தோடு அப்படியே நின்றாள்.